எதிரொலிக்கும் இடம் விட்டு வாசி, பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கொக்குவிலில் விடாத மழை, கிணறு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வாசித்ததை எதிரொலியாகத் திருப்பித் தருகிற டிலே பெடலும், பதிந்ததைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிற லூப்பரும் வாங்கிவிட்டேன், பொங்கல் விழாவில் அரை மணித்தியாலம் கிற்றார் வாசிக்கப் போகிறேன், ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் குழம்பிச் சேறாகிறது, பின்னால் ஒரு இரைச்சலும் வருகிறது என்று சொன்னாய். போனில் இதைக் கதைத்தால் பாதி உனக்கு விளங்காது, பாதியை நான் சொல்ல மறந்துவிடுவேன். எழுதினால் பெடலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாகச் செய்து பார்ப்பாய்.

முதலில் கரண்டைப் பார். அடப்டர் செருகும் துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் இருக்கும்: நடுவில் புள்ளி, சுற்றி வளையம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ். பெரும்பாலான கிற்றார் பெடல்களுக்கு 9 வோல்ட், நடு மைனஸ். வீட்டில் கிடக்கிற மற்ற அடப்டர்களில் பல நடு பிளஸ். துளைக்குள் சரியாகப் போகிறதே என்று செருகிவிடாதே, பெடல் எரிந்துபோகக்கூடும். அடுத்தது மில்லி அம்பியர். சத்தத்தை உடைத்துக் கரகரக்க வைக்கிற ஓவர்டிரைவ் போன்ற எளிய பெடலுக்கு 10 அளவில் போதும். டிஜிட்டல் டிலேயும் லூப்பரும் 100, 200 என்று கேட்கும். அடப்டர் கூடக் கொடுக்கக்கூடியது என்றால் ஒன்றும் ஆகாது, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். குறைந்தால்தான் கரைச்சல். ஒரே அடப்டரில் கிளை வயர் போட்டு இரண்டு டிஜிட்டல் பெடலுக்கும் கொடுத்தால் பின்னால் 'கீ' என்று ஒரு சத்தம் ஓடுவது வழக்கம். நீ சொன்ன இரைச்சல் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி அடப்டர் போட்டுப் பார். சத்தம் நின்றால், ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிற சப்ளைப் பெட்டி ஒன்று வாங்கு. அதில் காசைப் பார்க்காதே.

வயர் ஒழுங்கு இதுதான்: கிற்றார், ட்யூனர், ஓவர்டிரைவ், டிலே, லூப்பர், பிறகு சத்தத்தைப் பெருக்குகிற அம்ப். ஓவர்டிரைவுக்கு முன்னால் டிலேயை வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் அதற்குள் போய் நசுங்கி, வாசித்த சுரத்தின் சத்தத்துக்கே வந்துவிடும். எது நீ, எது எதிரொலி என்றே தெரியாது. லூப்பர் கடைசியில் இருந்தால் பதிந்தது பதிந்தபடி கிடக்கும், பிறகு டிலேயில் என்ன மாற்றினாலும் பழைய அடுக்கு அசையாது. அம்பிலேயே சத்தத்தை உடைத்து வாசிப்பதென்றால் அதன் பின்பக்கத்தில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளை இருக்கிறதா பார்த்து, டிலேயையும் லூப்பரையும் அதற்குள் போடு.

சரி, இனி டிலே. இதிலே மூன்று குமிழ்தான் முக்கியம். ரைம், எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வரவேண்டும் என்பது. ஃபீட்பேக், எத்தனை தரம் திரும்ப வரவேண்டும் என்பது. மிக்ஸ், உன் சத்தத்தோடு எதிரொலி எவ்வளவு கலக்கவேண்டும் என்பது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஆகவே ரைம் 100 மில்லிசெக்கன் என்றால், 17 மீற்றர் தள்ளி ஒரு சுவர் இருந்து சத்தம் அதில் பட்டுத் திரும்புகிற நேரம். 500 என்றால் அந்தச் சுவர் 85 மீற்றருக்கு அப்பால். குமிழைத் திருப்பும்போது இந்தச் சுவரை மனதில் வைத்துக்கொள், எவ்வளவு இடத்துக்குள் நின்று வாசிக்கிறாய் என்பது காதுக்குப் பிடிபடும்.

நான் கோஷ்டியில் வாசித்த காலத்தில் ஒலிபெருக்கிக்காரர் பாடகருக்கென்று ஒரு ரேப் எக்கோ, அதாவது ஒலிநாடாவில் ஓடுகிற எதிரொலிப் பெட்டி, வைத்திருந்தார். பெட்டிக்குள் ஒரு ரேப் வளையமாக ஓடும். ஒரு காந்தத் தலை பதியும், சற்றுத் தள்ளி இருக்கிற தலை வாசிக்கும், ரேப் அங்கிருந்து இங்கே வர எடுக்கிற நேரம்தான் டிலே. 1974இல் ரோலண்ட் கொண்டுவந்த ஸ்பேஸ் எக்கோவில் வாசிக்கிற தலைகள் மூன்று. எதிரொலி திரும்பத் திரும்பப் பதியப்படும்போது மேல் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து மங்கிவிடும், புதிதாக வருகிற சுரத்தோடு சண்டைக்கு வராது. பிறகு வந்த அனலொக் பெடல்களும் அப்படித்தான். அவற்றுக்குள் இருப்பது 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் பிறந்த ஒரு சில்லு, மின்னேற்றத்தை ஒரு கொள்ளளவியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகக் கைமாற்றிக் கொண்டுபோகும். வழியில் ஒலி மழுங்கும். 1983இல் பாஸ் கொம்பனி டிடி-2 என்ற சின்ன டிஜிட்டல் டிலேயை விட்ட பிறகுதான் வாசித்தது வாசித்தபடியே, கூர் குறையாமல் திரும்பி வருகிற காலம் கால்பெடலுக்கு வந்தது. உன்னுடையதும் டிஜிட்டல். நீ சொன்ன சேற்றுக்குப் பாதிக் காரணம் இந்தக் கூர்தான். உன் பெடலில் ரேப், அனலொக் என்று மோட் இருக்கும், அதைப் போடு. டோன் குமிழ் இருந்தால் பாதிக்குக் கீழே இறக்கு. உடனேயே வித்தியாசம் தெரியும்.

தொண்ணூறுகளில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, டைனமோவில் வயர் எடுத்துத்தான் கசற் கேட்போம். மிதிக்கிறவன் களைத்தால் பாட்டின் சுருதி இறங்கிக்கொண்டே போகும், சுற்றி இருக்கிறவர்கள் "மிதியடா, மிதி" என்று கத்துவார்கள். ரேப்பின் வேகம் மாறினால் சுருதியும் மாறும். உன் பெடலின் ரேப் மோட் அதையும் அப்படியே செய்து காட்டும்: எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போது ரைம் குமிழைத் திருப்பினால் சுருதி வழுக்கும். வீட்டில் விளையாட நல்லது. மேடையில் உருப்படி நடுவே அந்தக் குமிழைத் தொடாதே.

ரைம் எவ்வளவு வைப்பது? 60,000ஐ உன் வேகத்தால், அதாவது நிமிடத்துக்கு விழுகிற அட்சரங்களால், வகுத்தால் ஒரு அட்சரத்துக்கு, தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, எத்தனை மில்லிசெக்கன் என்று வரும். நிமிடத்துக்கு 100 என்றால் 600. எனக்குப் பிடித்தது அதில் நாலில் மூன்று பங்கு, 450. சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நாலு மாத்திரை அல்லவா, எதிரொலி மூன்று மாத்திரை தள்ளி விழும். நீ இரண்டு மாத்திரைக்கு ஒரு சுரம் வாசித்தால், நீ விட்ட மாத்திரைகளில் அது போய் விழுந்து நாலும் நிரம்பிவிடும். பாதி வேலை உன் விரல், பாதி வேலை பெடல். ஃபீட்பேக்கை இரண்டு, மூன்று தரத்துக்கு மேல் போகவிடாதே. மிக்ஸ், நீ வாசிக்கும்போது எதிரொலி கேட்டும் கேட்காமலும் இருக்கவேண்டும், கையை எடுத்த பிறகு தெளிவாகக் கேட்கவேண்டும். அந்த அளவில் விடு.

எல்லாவற்றையும் விட முக்கியமானதைச் சொல்கிறேன். கமகம் போட்டு வாசிக்கும்போது மிக்ஸைக் குறை, அல்லது நிறுத்தியே விடு. ரிஷபத்தில் இருந்து காந்தாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறாய் என்று வை. பின்னால் வருகிற எதிரொலி பழைய ரிஷபத்தைக் காந்தாரத்தின் மேலே கொண்டுவந்து போடும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும், ராகம் கரைந்துவிடும். சட்ஜம், பஞ்சமம் போன்ற நின்று நிலைக்கிற இடங்களில் டிலேயைத் திற. நல்லூர்த் திருவிழாவில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மேளம் கேட்கப் போவேன். நாதஸ்வரக்காரர் ஒரு பிடி பிடித்துவிட்டு நிறுத்துவார், அந்த இடைவெளியில் தவில் பேசும், பேசி முடிந்த பிறகுதான் அவர் அடுத்த பிடிக்குப் போவார். தான் நிறுத்தாமல் தவிலுக்கு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். டிலே போட்டு வாசிக்கிறவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். நீ கைவேகம் உள்ள பிள்ளை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: வழக்கமாக வாசிக்கிறதில் பாதியை வாசி.

லூப்பருக்கு வருவோம். ஒரு தரம் மிதித்தால் பதியும், மறுபடி மிதித்தால் பதிந்தது சுற்றத் தொடங்கும், இன்னொரு தரம் மிதித்தால் மேலே அடுக்கலாம். சிலதில் இரண்டாம் மிதியிலேயே ஓவர்டப்புக்கு, அந்த அடுக்குகிற நிலைக்கு, போய்விடும், அதை மாற்றுகிற வழி கைநூலில் இருக்கும். தெரியாமல் விட்டால் நீ சும்மா தட்டிப் பார்க்கிறதெல்லாம் பதிந்துகொண்டே போகும். நிறுத்த இரட்டை மிதி, அழிக்க அமர்த்திப் பிடிக்கவேண்டும், அநேகமாக இப்படித்தான்.

இதில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று, இரண்டாவது மிதி. எல்லோரும் கடைசிச் சுரத்தை வாசித்து முடித்தவுடன் மிதிப்பார்கள், அல்லது முடிந்துவிட்டதா என்று யோசித்துவிட்டு மிதிப்பார்கள். இரண்டும் பிழை. ஆதிதாளம் என்றால் எட்டு அட்சரமும் முடிந்து அடுத்த சுற்றின் சமம், அதாவது முதல் அட்சரம், விழுகிற அந்தத் தட்டில்தான் கால் இறங்கவேண்டும். முதல் மிதியும் சமத்தில், இரண்டாவது மிதியும் சமத்தில். வாசிப்பு ஏழாம் அட்சரத்திலேயே முடிந்திருந்தாலும் எட்டாவதை எண்ணிக்கொண்டு காத்திரு. சின்னப் பிசகு என்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நொண்டும், சபைக்கு அது வடிவாகக் கேட்கும்.

இதற்கு என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறபடியே நீயும் செய். கிற்றாரைத் தொடாதே. கதிரையில் இரு, குதிக்கால் தரையில் ஊன்றி இருக்க முன்பாதம் சுவிச்சுக்கு மேலே நிற்கட்டும். கையால் தாளம் போடு: ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. சமத்துத் தட்டோடு காலும் இறங்கட்டும். கையும் காலும் ஒன்றாக விழும்வரை இதையே செய். பிறகு கிற்றாரை எடுத்து, சமத்தில் மட்டும் ஒரே ஒரு சட்ஜத்தை அடித்துச் சுற்றை மூடு. கேட்டுப் பார், இடைவெளி ஒரே சீராக இருந்தால் சரி. அது வந்துவிட்டால் மிஸ்ரசாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையும் உனக்கு வரும். நிகழ்ச்சி நாளில் போடப்போகிற செருப்போடேயே பழகு, வெறுங்காலுக்கும் தடித்த அடிக்கும் சுவிச் வேறு மாதிரி.

டிலேயும் லூப்பரும் சேரும்போது வருகிற சிக்கல் லூப்பின் விளிம்பில். கடைசிச் சுரத்தின் எதிரொலி சுற்று மூடுகிற இடத்தில் வெட்டுப்படும், மறு சுற்றின் தொடக்கம் மொட்டையாக இருக்கும். ஆகவே முதல் அடுக்கை டிலே இல்லாமல் பதி. லூப் சுற்றத் தொடங்கிய பிறகு டிலேயைத் திறந்து மேலே வாசி. முதல் அடுக்கு மிகச் சிறியதாக இருக்கட்டும், கீழ் ஸ்தாயித் தந்தியில் ஒரு சட்ஜமும் பஞ்சமமும் போதும். இரண்டாவதைக் கையால் அமத்தி, இன்னும் மெல்லிய சத்தத்தில் போடு. அதற்கு மேல் அடுக்காதே, நடு ஸ்தாயியை உன் வாசிப்புக்கென்று காலியாக விடு. கூட்டம் கைதட்டுகிறது என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் அவர்களுக்கே நுழைய இடம் இருக்காது.

மிருதங்கம் வாசிக்க உன் சிநேகிதி வருகிறாள் என்றாயே, அவளுக்கு லூப் நன்றாகக் கேட்கவேண்டும். ஒரு ஆள் வேகம் கூட்டிப்போனால் நீ அவளோடு போவாய், அவள் உன்னோடு வருவாள். லூப்பர் யாருக்காகவும் வேகத்தை மாற்றாது, அதன்பாட்டுக்குப் போகும். சவுண்ட் பார்க்கிறவரிடம் முன்கூட்டியே போய், அவளுக்குப் பக்கத்து மொனிற்றர் ஸ்பீக்கரில் கிற்றாரைக் கூட்டிவிடச் சொல். மேடை ஏறமுன் பழைய லூப்பை அழித்துவிட்டாயா என்றும் பார்.

சித்திரைக்கு வரும்போது பெடல்களையும் கொண்டு வா. ஆனால் அடப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்துக்கொள். கனடாவில் 120, இங்கே 230. 120 மட்டும் என்று இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வா, நான் இங்கே ஒன்று எடுத்து வைக்கிறேன்.

இந்தக் கிழமைக்குள் ஆதிதாளத்தில் ஒரு லூப் மட்டும், டிலே இல்லாமல், பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நாலைந்து சுற்று ஓடவிட்டு அனுப்பு, சமம் எப்படி விழுகிறது என்று நான் தாளம் போட்டுப் பார்க்கவேண்டும். அம்மாவும் கேட்கவேண்டும் என்கிறா. குளிருக்குக் கவனம், நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா