ஆறாத புண்ணும் கொலாஜன் பவுடரும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மனைவி உடனே உன் வீட்டுக்குப் போன் போட்டு, பெயர் வைத்தாயிற்றா என்று விசாரித்ததைச் சொல்லியிருப்பார்கள். இங்கே நாங்கள் நலம். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றாலும் விலங்கியல் பையன்கள் விடுவதில்லை, பரீட்சை நெருங்கினால் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சரி, உன் அண்ணன் கால் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை இருக்கிறது, பாதத்துப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை, மகன் ஆன்லைனில் கொலாஜன் பவுடர் வாங்கி வைத்திருக்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொலாஜன் என்பது தோலையும் எலும்பையும் தசைநாரையும் கட்டி வைத்திருக்கும் நார்ப்புரதம். அந்தப் பவுடரைக் கொடுத்தால் கெடுதல் பெரிதாக இருக்காது, பணம்தான் வீண். வாயால் சாப்பிடும் கொலாஜன் குடலில் துண்டு துண்டாகி, மற்ற புரதங்களைப் போலத்தான் உடம்பில் சேரும். அது நேராகப் பாதத்துக்குப் போய் ஒட்டாது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த மாதிரிப் புண்ணில் பெரும்பாலும் உடம்பு புதுச் சதையைக் கட்டும் வேலை நின்றுபோவதில்லை. கட்டக் கட்ட வெட்டித் தள்ளும் வேலை அடங்காமல் நடக்கிறது. வெட்டுவது புரதங்களை அறுக்கும் நொதிகள்.

இதை மற்றவர்களைவிட உனக்குச் சொல்வது சுலபம். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை மிருதுவாக்க பேட்டிங் செய்வீர்களே, அதுவும் நொதி வேலைதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அதற்கு நாய் மலமும் புறா எச்சமும் கரைத்து ஊற்றினார்கள். 1907 வாக்கில் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர்தான், வேலை செய்வது மலத்திலுள்ள செரிமான நொதிகள் என்று கணித்து, விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை 'ஓரோபான்' என்ற பெயரில் விற்றார். (பின்னாளில் பிளெக்ஸிகிளாஸ் கண்ணாடி செய்ததும் அதே நிறுவனம். நாற்றத்தில் ஆரம்பித்து எங்கே போய் நின்றிருக்கிறது பார்!)

கணைய நொதி மாட்டிறைச்சியையே கரைத்துவிடும். தோலை மட்டும் ஏன் கூழாக்கவில்லை? நார்களுக்கு இடையில் இருக்கும் வேண்டாத புரதங்களை அது தின்கிறது, கொலாஜனைத் தொட முடிவதில்லை. காரணம் கொலாஜனின் முறுக்கு. மூன்று இழைகள் கயிறு மாதிரி இறுக முறுக்கியிருக்கும். வெட்ட வேண்டிய இடத்துக்குள் நொதியால் நுழையவே முடியாது. அந்த முறுக்கைக் கண்டு சொன்னது நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் எக்ஸ்ரே படம் எடுக்கப் பயன்படுத்திய கங்காரு வால் தசைநாரைக் கொடுத்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம். உங்கள் தொழில்காரர்கள் இதற்குத் தனியாக ஒரு விழாவே எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் உடம்பு தன் கொலாஜனை எப்படிக் கழற்றுகிறது? கழற்றாமல் முடியாதே, பிரசவம் முடிந்ததும் கருப்பை சுருங்குகிறது, எலும்பு புதுப்பிக்கப்படுகிறது, தழும்பு மெலிகிறது. விடை தவளைக் குஞ்சிடமிருந்து கிடைத்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் முழுவதும் கரைந்துபோகும். 1962-இல் பாஸ்டனில் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியேரும் அந்த வால் துண்டுகளைக் கொலாஜன் கூழின் மேல் வைத்துப் பார்த்தார்கள். துண்டைச் சுற்றிலும் கூழ் கரைந்தது. அப்படிக் கரைத்த நொதிதான் கொலாஜனேஸ். முறுக்கிய இழையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தூரத்தில், ஒரே இடத்தில் அறுக்கும். அறுந்த துண்டுகள் உடல் சூட்டிலேயே முறுக்கவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். மிச்சத்தை வேறு நொதிகள் பார்த்துக்கொள்ளும். கொலாஜனேஸ் சேர்ந்த இந்த நொதிக் குடும்பத்தில் மனிதனுக்கு இருபதுக்கும் மேல் உண்டு, எல்லாம் துத்தநாகத்தை வைத்து வேலை செய்பவை. அவற்றைப் பிடித்து நிறுத்தும் தடுப்புப் புரதங்கள் நான்கு வகை. டிம்ப் என்பார்கள்.

சாதாரண வெட்டுக்காயத்தில் இந்த நொதிகள் முதல் சில நாள் ஏறும், கெட்டதைச் சுத்தம் செய்யும், புதுத்தோல் செல்கள் நகர வழிவிடும், பிறகு இறங்கிவிடும். சர்க்கரைப் புண்ணில் இறங்குவதில்லை. செத்த சதையும் கிருமியும் அங்கேயே கிடப்பதால் வெள்ளணுக்கள் வந்துகொண்டே இருக்கும், வரும்போதெல்லாம் எலாஸ்டேஸ், கொலாஜனேஸ் என்ற அறுக்கும் நொதிகளைக் கொட்டும். டிம்ப் குறைந்துபோகும். புதிதாகப் போட்ட கொலாஜன் மட்டுமல்ல, 'வளர்' என்று செல்களுக்குச் சொல்லும் புரதங்களும் அறுபடும். அதனால்தான் விலையுயர்ந்த மருந்தைப் பூசினாலும் சில சமயம் பலன் இல்லை, நொதிகள் அதையும் தின்றுவிடும்.

ஆகவே டாக்டர் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார் என்று அண்ணன் கோபப்படுவதாக எழுதியிருந்தாயே, அவரிடம் சொல், சிகிச்சையே அதுதான். இன்னொன்று, புண்ணின் மேல் பாரம் விழக்கூடாது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது மறுபடி காயம். உனக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளிடம் பார்த்துச் சொன்னது இதுவே. சதை தானாக அழுகவில்லை, உணர்ச்சியில்லாத காலில் மறுபடி மறுபடி விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்றார். பாதத்தோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டு போடும் முறையை 1960-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அண்ணன் தினமும் கடைத்தெரு வரை நடப்பதை முதலில் நிறுத்து. காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா என்று பரிசோதித்தார்களா என்றும் கேள். ஓட்டம் இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண்வேலை.

பக்கத்து வீட்டு அம்மா பப்பாளிக்காயை அரைத்துப் பூசச் சொன்னார் என்றாயே. பப்பாளிப் பாலில் பப்பாயின் என்ற நொதி இருப்பது உண்மை, மட்டன் வேகப் போடுகிறோமே. காம்பியாவில் குழந்தைகளின் தீக்காயத்துக்குப் பப்பாளிக் கூழ் போட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் பப்பாயின் களிம்புகளை 2008-இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. உணர்ச்சியில்லாத காலில் வீட்டில் அரைத்ததைப் பூசவே வேண்டாம்.

உன் பல் பிடுங்கியபோது எழுதிக்கொடுத்த செர்ரேஷியோபெப்டிடேஸ் மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தாய். பட்டுப்புழுவின் குடலில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் நொதி அது. ஜப்பானில் அதை விற்ற டகேடா கம்பெனி, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேல் என்று நிரூபிக்க முடியாமல் 2011-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் இன்னும் சீட்டு தவறாமல் எழுதுகிறார்கள். வீக்கம் தானாகவே வடிந்திருக்கும், புண்ணியம் மாத்திரைக்கு.

பவுடர் டப்பாவைத் திறக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பச் சொல். அந்தக் காசுக்கு முட்டை, மீன், பருப்பு என்று வாங்கினால் அண்ணனுக்கு வேண்டிய புரதம் கிடைக்கும். சிறுநீரகம் பழுதில்லை என்று மட்டும் டாக்டரிடம் முதலில் உறுதி செய்துகொள். ரத்த ஓட்டப் பரிசோதனை முடிவு வந்ததும் போன் செய், ராத்திரி ஒன்பதுக்குள் என்றால் நல்லது, அதற்குப் பிறகு எனக்குக் காது கேட்காது, தூக்கம்.

அண்ணிக்கும் மருமகளுக்கும் என் விசாரிப்புகள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து
உன் ராமலிங்கம்