பூட்டு வாய்ப்பாட்டிலா இருப்பது?

ஆசிரியருக்கு,

கம்பம், கூடலூர் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறிக் குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெற்றோர், பிள்ளையை அப்பத்தாவிடமும் ஒரு செல்போனிடமும் விட்டுப் போகிறார்கள். அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. போனைத்தான் கட்டிப்போட வேண்டும்.

2 வயது வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரம் போதும், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. நடைமுறைதான் சிக்கல்.

குழந்தைகளுக்கென்று உள்ள 'யூடியூப் கிட்ஸ்' செயலியில் டைமர் உண்டு. ஆனால் பெற்றோருக்கான பூட்டாக அது கேட்பது ஒரு பெருக்கல் கணக்கு! வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு நொடி வேலை. செட்டிங்ஸில் சொந்தமாக 4 இலக்க எண் வையுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். தேடும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

டைமர் முடிந்ததும் பிள்ளை சாதாரண யூடியூபுக்குத் தாவும். அதைத் தடுக்க, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பாதுகாப்புப் பகுதிக்குள் 'ஆப் பின்னிங்' இருக்கிறது. அதைப் போட்டால், திறந்திருக்கும் செயலியை விட்டு வேறெதற்கும் போன் போகாது. விடுவிக்கும்போது பின் நம்பர் கேட்கும்படி அமைக்காவிட்டால், இதைப் போட்டும் பலனில்லை. அந்த நம்பர் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அப்பத்தா ரகசியம் காப்பார் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

வைஃபை இல்லாத வீட்டில் இதைவிட எளிய வழி, வீட்டுப் போனுக்குப் பேசுவதற்கு மட்டுமான ரீசார்ஜ் போடுவது. முந்தின இரவே அரை மணி நேரப் படங்களை அதில் ஏற்றி வையுங்கள். ஏற்றிய படங்கள் முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்காது.

வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்