புதரைச் சும்மா விட்டுவைக்கப் பணம் கேட்கிறோம்

எல்லோருக்கும் வணக்கம். வசந்தம் வந்துவிட்டது என்று குளக்கரையில் நடப்பவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, விடிவதற்குள் அத்தனை பறவைச் சத்தம். அதில் பாதி, 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வெட்டிவிடுங்கள்' என்று நாமே அடிக்கடி சொல்லும் அந்த மூலைப் புதரிலிருந்துதான் வருகிறது.

போன வசந்தத்தில் குழுவினர் நாங்களே போய் அதில் ஒரு ஓரத்தை வெட்டினோம். கிளைகளை அள்ளும்போதுதான் கூடு கண்ணில் பட்டது, உள்ளே மூன்று முட்டை, இன்னும் சூடு ஆறவில்லை. தாய்ப்பறவை கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விட்டது. தப்பு எங்களுடையதுதான்.

அதனால் இந்த முறை புதரிலிருந்து சில அடி தள்ளித் தாழ்வான வேலி போடப் போகிறோம், நாய்கள் நுழையாமல் இருக்க. கூடு கட்டும் காலம் முடியும்வரை அரிவாள் உள்ளே போகாது. சும்மா விடுவதற்கு எதற்குப் பணம் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான்! வேலி கொஞ்சம், குளத்துச் சுவர்தான் பெரிய செலவு. தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் சுருங்கியதும் அது கரையேறியாக வேண்டும், நம் குளத்திலோ நாலு பக்கமும் செங்குத்தான சிமென்ட். சுண்டுவிரல் நகம் அளவுக் குட்டித் தவளைகள் சுவரோரம் ஏற முடியாமல் தத்தளிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மூலையில் கல் அடுக்கிச் சாய்வு அமைத்தால் போதும்.

அப்புறம் சிட்டுக்குருவிகளுக்குச் சில மரப்பெட்டிகள். வாசல் ஓட்டை 32 மில்லிமீட்டர் இருந்தால் சரி. வெளியே உட்காரக் குச்சி வைக்கக் கூடாது, குருவிக்கு அது தேவையில்லை, குஞ்சைத் தூக்க வருகிறவற்றுக்குத்தான் வசதி. தகரப் பெட்டி தர முன்வந்தவருக்கு நன்றி, ஆனால் வெயிலில் குஞ்சுகள் வெந்துபோகும்.

இவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு எதுவும் இல்லை, முடிந்ததைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வரவுசெலவைப் பலகையில் ஒட்டுவோம். மீந்த மரப்பலகை இருந்தாலும் தரலாம், கல் தூக்க ஒரு நாள் வந்தாலும் சந்தோஷம்.

பணம் தர முடியாதவர்கள் இப்போதைக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி, ஏனென்றால் தானியம் கொத்தும் குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

பறவைகள் புதருக்குள் குச்சி சுமக்க ஆரம்பித்துவிட்டன. வேலி வேலையை இந்த வாரமே முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறோம், அதனால் தருவதைச் சீக்கிரம் தாருங்கள்.