நிலா எடுக்கும் பாடங்கள் பற்றி மங்கைக்கு

ஈசூன், சிங்கப்பூர்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மங்கை,

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு மூட்டுவலி மட்டும் அப்படியேதான். பெர்த்தில் குளிர் விட்டதா?

நீ அனுப்பிய குரல்செய்திக்குப் பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான். போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். 'குடும்பச் சட்டம் எடுக்காதேன்னு நிலாகிட்ட நீ சொல்லுடி, நீ சொன்னா கேப்பா' என்கிறாயே, இத்தனை வருஷமாக நான் குடும்ப வழக்குப் பார்க்கிற ஆபீசில்தான் கிளார்க் வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டாயா?

சட்டம் படிக்கிற நிலாவுக்கு ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், சொத்து, நிறுவனம், அரசமைப்பு எல்லாம் கட்டாயம். முடித்தும்விட்டாள். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் விருப்பப்பாடம். அங்கே கப்பல் சட்டமும் நடுவர் மன்றச் சட்டமும் எடுத்தால் பெரிய கம்பெனி கூப்பிடும் என்கிறாய். எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. துறைமுகத்தால் பிழைக்கிற ஊர் இது. உலக வியாபாரத் தகராறெல்லாம் தீர்த்துக்கொள்ள இங்கேதான் வருகிறார்கள். ஆனால் அவளாக ஆசைப்பட்டுக் கேட்கிற ஒரே பாடத்தை ஏன் வெட்டச் சொல்கிறாய்?

எங்கள் ஆபீசுக்கு வந்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கல்யாணச் சான்றிதழ், மத்திய சேம நிதிக் கணக்கு, பிள்ளையின் டியூஷன் ரசீது எல்லாம் கசங்கிக் கிடந்தன. உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்: "வீடு அவர் பேர்ல இருக்கும்மா. வெளிய போங்கிறாரு. போயிடணுமா?"

கட்டாயப் பாடத்தை மட்டும் படித்த பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும்? சொத்துச் சட்டம் வீடு யார் பெயரில் என்று பார்க்கும், யார் பணம் போட்டார்கள் என்று பார்க்கும். அந்தக் கணக்கில் அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. கல்யாணம், மணவிலக்குக்கான இங்கத்துச் சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவைப் படித்தவளுக்குத்தான் தெரியும், மணவிலக்கு என்று வந்தால் குடும்பம் குடியிருந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் பங்குக்கு வரும் என்று. சமைத்ததும் பிள்ளை வளர்த்ததும் மாமியாரைப் பார்த்துக்கொண்டதும் அங்கே பங்களிப்பாக எண்ணப்படும். 1961இல் வந்த சட்டம் மங்கை, நம் அம்மாக்கள் காலத்தது. அதை நான்கு வருஷம் சட்டம் படிக்கிற பிள்ளை தொடாமலே பட்டம் வாங்கலாம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

'வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்வாள்' என்கிறாய். வழக்கறிஞராகும் முன் செய்கிற பயிற்சிக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக்கியிருக்கிறார்கள், சரி. ஆனால் கம்பெனி வேலையே பார்க்கிற இடத்தில் ஓராண்டு என்ன, பத்தாண்டு இருந்தாலும் ஜீவனாம்ச ஃபைல் ஒன்று கண்ணில் படாது. 2024 ஜூலையிலிருந்து யார்மீதும் பழி போடாமல் இருவரும் ஒத்துக்கொண்டே மணவிலக்குக் கேட்க வழி வந்திருக்கிறது. நேற்று வந்த மாற்றத்தைக்கூட வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்க முடிகிற வயசு அவளுக்கு.

குடும்ப வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் வழக்கறிஞர் போதவில்லை என்றுதானே 2017இல் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தனியாக ஒரு சட்டப் பள்ளியே தொடங்கினார்கள்? தேவை இல்லாமலா?

இன்னொன்று. முடிந்தால் முஸ்லிம் சட்டமும் எடுக்கச் சொல்லப்போகிறேன். உடனே முகத்தைச் சுளிக்காதே. ஜமீலா வீட்டில் நடந்தபோது நாம் இரண்டு பேரும் விழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? முஸ்லிம் திருமணத்துக்கு 1966ஆம் வருஷத்துச் சட்டம் தனி, ஷரியா நீதிமன்றம் தனி என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு நமக்கு ஒரு ஆள் இல்லை. நாளைக்கு நம் தமிழர்கள் கூடுகிற தேக்காவில் யாராவது ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா நிலாவின் கையைப் பிடித்துத் தமிழில் கேட்டால், அவள் தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும். அது எனக்கு ரொம்ப ஆசை.

உன் பயம் புரியாமல் இல்லை. அடுத்தவர் வீட்டு அழுகையைத் தினமும் கேட்டால் பிள்ளை மனசு கெட்டுவிடும் என்று நினைக்கிறாய், சம்பளம் அதற்கப்புறம்தான். அழுகை இருக்கிறது, மறைக்க மாட்டேன். சில நாள் நானே வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிடுவேன். ஆனால் அந்த அக்கா பையை மடித்துக்கொண்டு, 'அப்ப நான் போக வேண்டியதில்லையா?' என்று கேட்ட முகத்தை நீ பார்க்கவில்லை.

பாடம் பதிய அடுத்த வெள்ளிவரை நேரம் இருக்கிறதாம். அதற்குள் அவளிடம் நீயே பேசு, என் வாயால் சொல்ல வைக்காதே. ராஜி பேத்திக்கு மொட்டை போட்ட படம் அனுப்பியிருக்கிறாள், உனக்கும் அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
கல்யாணி