எந்த கியரில் இறங்கியது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி–சேலம் நடுவில் உள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி மோதிய செய்தி வரும்போதெல்லாம் உங்கள் நாளிதழில் ‘பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். 31 வருடம் லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் போகும் லோடு லாரி, ஓட்டியவன் நான். ஏர் பைப் வெடித்து நிஜமாகவே பிரேக் போன வண்டிகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல், மேலேயே பிரேக்கைக் காய்ச்சித் தீர்த்துவிட்டுக் கீழே வந்து தேடிய கதைதான்.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் அடுத்த வாரம் முதல் தடவையாகக் காஷ்மீர் போகிறான். டெல்லி வரை ஜவ்வரிசி, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு வேறு லோடு, திரும்பும்போது ஆப்பிள். நாமக்கல் வழியாகப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. “ஒரே ரோடுதானே மாமா, நேரா போய்க்கிட்டே இருந்தா ஸ்ரீநகர்” என்கிறான். ஜம்மு தாண்டி உதம்பூர் வரைக்கும் அவன் சொல்வது சரி, அதற்கு மேல் மலை ரோடு.

முதலாளி குறை வைக்கவில்லை. டயர் மாற்றியாயிற்று, தார்ப்பாய் புதுசு, பர்மிட், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் பார்த்துவிட்டார். இவனுக்கு லோடு வண்டியோடு மலை இறங்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “தொப்பூர் எத்தனை தடவை இறங்கியிருக்கேன், நியூட்ரல் போட்டு விட்டா டீசல் மிச்சம்” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த டீசல் கணக்கே தப்பு. இப்போது வரும் பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவாவது குடித்துக்கொண்டேதான் வரும். நான் சொல்லி நம்பவில்லை. பட்டறை மெக்கானிக் சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

எனக்கும் இதை இங்கே யாரும் சொல்லித்தரவில்லை. 1987-இல் காஷ்மீரிலிருந்து ஆப்பிள் ஏற்றிக்கொண்டு சென்னை கொத்தவால் சாவடி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அப்போது பட்னிடாப் மலைக்கு அடியில் சுரங்கப்பாதை கிடையாது, மலை ஏறித்தான் இறங்க வேண்டும். நான்காவது கியரில், காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குத் என்ற ஊருக்கு முன்னால் பின் சக்கரத்தில் புகை. பிரேக் லைனிங் கருகும் வாடை ஒரு மாதிரி இருக்கும், ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். கிளீனர் குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினான், சக்கரத்தில் ஊற்ற. எதிரே ஏறி வந்த ஒரு சர்தார் வண்டியை நிறுத்திவிட்டு, “பானி மத்!” (தண்ணீர் வேண்டாம்) என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். காய்ந்த டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தானாக ஆறும் வரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். டீயும், பத்தீசா என்ற அந்த ஊர் இனிப்பும் அவர் செலவு. எந்த கியர் போட்டால் இந்த மேட்டில் ஏறுமோ அந்த கியரிலேயே இறங்கு என்று, என் அரைகுறை இந்திக்குப் புரிகிற மாதிரி விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்.

இன்று பட்னிடாப் ஏற வேண்டியதில்லை. சேனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை 2017-இல் வந்துவிட்டது, 9 கிலோமீட்டர். பனிஹாலுக்கு மேலே இன்னொன்று 2021-இல் வந்தது. ஆனால் பனிஹாலிலிருந்து ராம்பனுக்கும், சேனானியிலிருந்து உதம்பூருக்கும் இறக்கம் அப்படியேதான் இருக்கிறது. ராம்பன், பனிஹால் நடுவில் மேலிருந்து கல் உருளும். விவரம் தெரியாதவன் அங்கேதான் ஓரங்கட்டித் தூங்குவான். 2025 செப்டம்பரில் மழையில் ரோடு போய், ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்றதை நீங்களும் படித்திருப்பீர்கள். அதனால் பத்து நாளைக்கு அரிசி, பருப்பு, ஸ்டவ், கம்பளி வைத்திருக்கிறோம். அப்புறம் போன். நம் ஊர் பிரீபெய்டு சிம், ஜம்மு-காஷ்மீர் எல்லையில் இருக்கும் லக்கன்பூர் தாண்டினால் செத்துவிடும். போஸ்ட்பெய்டுக்கு மாற்றச் சொன்னதற்கு அக்காவே என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

போன ஞாயிறு முதலாளியிடம் கேட்டு, லோடோடு அவனைத் தொப்பூருக்குக் கூட்டிப் போனேன். மூன்றாவது கியர், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது), கால் பிரேக் அங்கங்கே மட்டும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கீழே நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். சூடு இருந்தது, வாடை இல்லை. அடுத்த நடைக்கு அவனாகவே கியரைக் குறைத்தான்.

லாரி உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் தடவை மலை லைன் போகிறவனோடு, போய் வந்த ஒருவரை ஒரு நடைக்கு அனுப்புங்கள். கூட ஒரு ஆளுக்குப் பேட்டா ஆகும், ஆகட்டும். ஒரு செட் டயர் விலைகூட வராது. இவனோடு என்னையே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முட்டி வலியைக் காரணம் காட்டி முதலாளி யோசிக்கிறார்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை தொப்பூர் செய்தி எழுதும்போது, வண்டி எந்த கியரில் இருந்தது என்று உங்கள் நிருபரைப் போலீஸிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர்,
பரமத்தி, நாமக்கல் மாவட்டம்.