இன்னொரு வயதான குவார்ட்டர்பேக் வேண்டாம்: நியூயார்க் ஜெட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர் உட்டி ஜான்சன் அவர்களுக்கும், அணியின் பொது மேலாளருக்கும், தலைமைப் பயிற்சியாளருக்கும்,

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் தட்டோடு டிவி முன்னால் வந்து உட்கார வேண்டியதுதான். உங்கள் அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) அணியைப் பற்றிய சண்டை, சமாதானம், புலம்பல் எல்லாம் எங்களுக்குள் தமிழில்தான் நடக்கிறது. அதனால் மடலும் தமிழிலேயே.

2025 சீசன் 3 வெற்றி, 14 தோல்வி என்று முடிந்தது. லீக் சுற்று முடிந்து நடக்கும் நாக்அவுட்டான பிளேஆஃபை நீங்கள் கடைசியாக ஆடியது 2010 சீசனில். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றதோ 1969 ஜனவரியில், ஜோ நேமத் காலத்தில். இப்படி ஒரு சீசன் முடிந்த கையோடு ஒரு பேச்சு கிளம்பும். பேர் பெற்ற, அனுபவமுள்ள, வயதான குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஒருவரைக் கூட்டிவாருங்கள், ஒன்றிரண்டு வருஷம் அவர் தாக்குப்பிடித்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். யார் அந்த ஆள் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும், பேச்சு மட்டும் மாறாது. இந்தத் தடவை அதற்குக் காது கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

இதை நீங்கள் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டீர்கள். முதல் முறை 2008. அதற்கு முந்தைய சீசனில் 4 வெற்றி, 12 தோல்வி. ஆகஸ்ட் மாதம் கிரீன் பேயிலிருந்து பிரெட் ஃபார்வ் வந்தார். அப்போது அவருக்கு வயது 38. அவருக்கு இடம் கொடுப்பதற்காக, நீங்களே 2000-ம் ஆண்டு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுத்து வளர்த்த சாட் பென்னிங்டனை விடுவித்தீர்கள். ஆரம்பம் பிரமாதமாக இருந்தது. அதுவரை தோல்வியே காணாத டென்னஸி டைட்டன்ஸை அவர்கள் ஊரிலேயே போய் அடித்து, 8 வெற்றி 3 தோல்வி என்று நின்றபோது ஊரே சூப்பர் பௌல் கனவில் இருந்தது. பிறகு ஃபார்வின் வலது கைத் தசைநார் மக்கர் செய்தது. கடைசி 5 ஆட்டங்களில் அவர் வீசிப் புள்ளி சேர்த்த டச்டவுன் 2, எதிரணி கையில் போய்ச் சேர்ந்த இன்டர்செப்ஷன் 9. அந்த 5 ஆட்டங்களில் நாம் ஜெயித்தது ஒன்றுதான்.

சீசனின் கடைசி ஆட்டம் டிசம்பர் 28, நம் மைதானத்தில், மயாமிக்கு எதிராக. மயாமியின் குவார்ட்டர்பேக் யார்? நீங்கள் விடுவித்த அதே பென்னிங்டன். முந்தைய வருஷம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த மயாமியை இந்த ஆட்டத்தோடு 11 வெற்றி வரை கொண்டுவந்தார். தோளில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்த மனிதர், நீளமாக வீச முடியாது, ஆனால் பந்தை யாரிடம் எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். 24-17 என்று நம்மைத் தோற்கடித்து, நம் பிரிவின் (டிவிஷன்) பட்டத்தையும் நம் புல்தரையிலேயே வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் நீங்கள் பயிற்சியாளர் எரிக் மன்ஜினியை வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஃபார்வும் ஒரே சீசனோடு போய்விட்டார். அடுத்த வருஷம் மினசோட்டாவுக்குப் போய், 40 வயதில் 33 டச்டவுன் வீசி, அந்த அணியை சூப்பர் பௌலுக்கு முந்தைய படியான என்எஃப்சி இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். ஆள் அதே ஆள், வயது மட்டும் ஒன்று கூட. மினசோட்டாவில் பந்தோடு ஓடுவதற்கு ஏட்ரியன் பீட்டர்சன் இருந்தார், முந்தைய சீசனிலேயே 10 ஆட்டம் ஜெயித்த அணி பின்னால் நின்றது. இந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது முறை 2023. அந்த இரவைப் பற்றி எழுத இன்னும் கை தயங்குகிறது. செப்டம்பர் 11, திங்கட்கிழமை, மெட்லைஃப் ஸ்டேடியம். நாம் புதிதாகக் கூட்டிவந்த குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் கையில் அமெரிக்கக் கொடியோடு ஓடிவந்தபோது எழுந்த சத்தத்தை டிவியில் கேட்டே எங்களுக்குப் புல்லரித்தது. நான்காவது ஸ்னாப், அதாவது அவர் ஆடிய நான்காவது நகர்வு. பஃபலோவின் லெனர்ட் ஃப்ளாய்ட் இடதுபுறமாகச் சுற்றிவந்து அவரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். ராட்ஜர்ஸ் எழுந்து நின்றார், ஒரு அடி வைத்துப் பார்த்தார், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். இடது காலில் அக்கிலீஸ் தசைநார் அறுந்துபோயிருந்தது. மறு ஒளிபரப்பில் அவருடைய கெண்டைக்கால் சதை ஒரு கணம் அதிர்வது தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 22-16 என்று ஜெயித்தோம், ஆனால் அதைக் கொண்டாடக்கூட யாருக்கும் மனசு வரவில்லை.

துரதிர்ஷ்டம் என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த ஸ்னாப்பில் அவருடைய இடது பக்கத்தைக் காத்துநின்ற டுவேன் பிரவுனுக்கு வயது 38. பின்னால் நின்ற ராட்ஜர்ஸுக்கு 39. குவார்ட்டர்பேக்குக்கு வயது ஏறும்போது ஓடித் தப்பிக்கும் வேகம் குறையும். ஓடித் தப்பிக்க முடியாதவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரின் லைன் கோட்டைச் சுவர் மாதிரி இருக்க வேண்டும். தடுமாறுகிற அணியில் முதலில் ஓட்டை விழுந்திருப்பதோ அந்த லைனில்தான். அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் ஆளை, பாதுகாப்பு குறைவாக இருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

அடுத்த சீசனில் ராட்ஜர்ஸ் 28 டச்டவுன் வீசினார். 40 வயதில், அந்தக் காயத்துக்குப் பிறகு, அது சாதாரண விஷயமே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தும் அணி ஜெயித்தது 5 ஆட்டம். ஐந்தாவது வாரம் முடிந்ததும் பயிற்சியாளர் ராபர்ட் சாலே போனார், நவம்பரில் பொது மேலாளர் ஜோ டக்ளஸ் போனார். ராட்ஜர்ஸை விடுவித்த வகையில் 4.9 கோடி டாலர் 2025, 2026 சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஏறியது. களத்தில் இல்லாத ஒருவருக்காக ஒதுக்கிய பணம் அது. அவருக்காகக் கொடுத்த இரண்டாம் சுற்று பிக்குகள் (டிராஃப்டில் வீரரை எடுக்கும் உரிமைகள்) வேறு. டிராஃப்ட் பிக் என்பது ஒரு ஏழை அணிக்கு விதைநெல். அதை எடுத்து ஒரு வேளை விருந்து சமைத்தோம், அந்த விருந்தையும் சாப்பிட முடியவில்லை.

குவார்ட்டர்பேக் டாம் பிரேடி டாம்பா பேக்குப் போய் 43 வயதில் சூப்பர் பௌல் வெல்லவில்லையா, பெய்ட்டன் மானிங் டென்வருக்காக 39 வயதில் வெல்லவில்லையா என்று கேட்பீர்கள். வென்றார்கள். ஆனால் வீசும் பந்தைப் பிடிக்கும் மைக் எவன்ஸும் கிறிஸ் காட்வினும் பிரேடி வருவதற்கு முன்பே டாம்பாவில் இருந்தார்கள், டிஃபென்ஸும் அநேகமாகத் தயாராக இருந்தது. மானிங் வென்ற அந்த சீசனில் டென்வரைத் தூக்கி நிறுத்தியது வான் மில்லரும் அவருடைய டிஃபென்ஸும். எல்லாம் கட்டி முடித்த வீட்டுக்குத்தான் அவர்கள் இருவரும் குடிவந்தார்கள். நமக்கு இன்னும் சுவரே எழும்பவில்லை.

சரி, நமக்கு எது பலித்தது? 2009-ல் 5-வது பிக்கில் இளம் குவார்ட்டர்பேக் மார்க் சான்செஸை எடுத்தோம். முதல் வருஷம் 12 டச்டவுன், 20 இன்டர்செப்ஷன். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனாலும் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சூப்பர் பௌலுக்கு முந்தைய ஏஎஃப்சி இறுதி ஆட்டம் வரை போனோம். 2010 பிளேஆஃபில் மானிங்கை அவர் ஊரில் ஜெயித்தோம், அடுத்த வாரமே பிரேடியை அவர் ஊரில் ஜெயித்தோம். காரணம், 2006 டிராஃப்டில் ஒரே சுற்றில் எடுத்த லைன் ஆட்டக்காரர்களான டிப்ரிகஷா ஃபெர்குசனும் நிக் மான்கோல்டும். ஃபெர்குசன் தன்னுடைய 10 வருஷத்தில் வெளியே உட்கார்ந்தது ஒரே ஒரு ஸ்னாப்புக்குத்தான். 2025 அக்டோபரில் மான்கோல்ட் 41 வயதில் இறந்த செய்தி வந்தபோது, ஒரு லைன்மேனுக்காக இத்தனை பேர் கலங்கியதைப் பார்த்தீர்கள் இல்லையா? அந்த நல்ல காலம் யார் தோள்மேல் நின்றது என்று ரசிகர்களுக்குத் தெரியும்.

இப்போது மறுபடி அந்த வாசல் திறந்திருக்கிறது. ஒலு ஃபஷானு, அர்மாண்ட் மெம்பு என்று லைனின் ஓரங்களைக் காக்கும் இரண்டு இளம் டாக்கிள்கள் வந்திருக்கிறார்கள். டிஃபென்ஸ் நட்சத்திரங்களான சாஸ் கார்ட்னரையும் குவின்னன் வில்லியம்ஸையும் வேறு அணிகளுக்கு விட்டுக்கொடுத்தபோது எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதன் பலனாக 2025 சீசன் முடிந்தபோது 2026, 2027 டிராஃப்டுகளில் சேர்த்து 5 முதல் சுற்று பிக் கையில் இருந்தது. தயவுசெய்து அவற்றில் ஒன்றைக்கூட 35 தாண்டிய குவார்ட்டர்பேக்குக்காகக் கொடுக்காதீர்கள். இரண்டாம் சுற்று பிக்கும் வேண்டாம்.

அனுபவசாலி ஒருவர் வேண்டும்தான், மறுக்கவில்லை. 2018-ல் நம் இளம் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்டு பக்கத்தில் ஜாஷ் மெக்கவுன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாரே, அந்த மாதிரி ஒருவர். ஒரு வருஷ ஒப்பந்தம், அளவான சம்பளம், டிராஃப்டில் எடுக்கும் இளம் பையன் தயாராகும்வரை ஆடட்டும். அப்புறம் அந்தப் பையனை டார்னல்டுக்குச் செய்தது போலச் செய்யாதீர்கள். மூன்று சீசனில் இரண்டு பயிற்சியாளர்களை மாற்றி, முன்னால் ஒழுங்கான லைனே கொடுக்காமல் அவரை அனுப்பிவைத்தீர்கள். 2024-ல் அவர் மினசோட்டாவுக்கு 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். இனி வருகிறவர் முதல் வருஷம் 20 இன்டர்செப்ஷன் வீசினாலும், அடுத்த வருஷமும் அதே பயிற்சியாளரையும் அதே லைனையும் அவருக்குக் கொடுங்கள். அதுவரை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜெட்ஸ் ரசிகர்