முடிவு வரும்வரை யாரிடம் பேசுவது?

ஐயா,

பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி முடிந்து, அங்கே எடுத்த திசுவை, புற்றுநோயா என்று பார்க்கும் பயாப்ஸி சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரமாகும் என்றார்கள். அந்த வாரத்தை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம் என்று வெளியே சொல்லவே நாக்கு கூசுகிறது. 'ஒன்றும் இருக்காது' என்பவர்களிடம் மேற்கொண்டு என்ன பேச? அக்கா மட்டும் ஆறுதல் எதுவும் சொல்லாமல், டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதவைத்தாள், அன்றிரவுதான் தூங்கினேன். குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, திசுவைப் பதப்படுத்தி, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க நாளாகும் என்பதெல்லாம் அந்த நோட்டோடு போய்க் கேட்டபிறகே தெரிந்தது. முதல் நாளே சொல்ல ஐந்து நிமிடம் போதாதா? இடைப்பட்ட நாட்களில் கூப்பிட்டுப் பேச ஒரு செவிலியரின் எண்ணையாவது மருத்துவமனைகள் தரலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்